வென்டிலேட்டர் நோயாளிக்குச் சளி எடுக்கும்போது எதைப் பார்ப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டியூப் வழியாகக் கல்ச்சருக்கு (கிருமிச் சோதனைக்கு) சளி எடுக்கும்போது சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு) 99-லேயே நிற்கிறது. எல்லாம் முடிந்து பத்து நிமிடத்தில் 85-க்கு இறங்கிவிடுகிறது. எங்கே தப்பு?
*(ஐ.சி.யு. செவிலியர், மன்னார்குடி)*

பதில்: சிஸ்டர், விரலில் மாட்டிய மெஷினை மட்டும் நம்பியதுதான் தப்பு. எடுப்பதற்கு முன் 100% ஆக்சிஜன் கொடுக்கிறீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 300-லிருந்து 100-க்குச் சரிந்தாலும் மெஷின் 98, 99 என்றே காட்டும். 60-க்கு வரும்போதுதான் 90 என்று சொல்லும். சக்‌ஷன் இழுத்ததில் மூடிக்கொண்ட காற்றறைகள் அதுவரை கண்ணில் படாது. ஆக்சிஜனை 50-க்குக் குறைத்ததும் குட்டு உடைகிறது.

முதலில் சேதி சொல்வது வென்டிலேட்டர் திரை. தொடங்கும் முன் மூன்று எண்களை எழுதி வையுங்கள்: வெளிமூச்சு டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் திரும்பி வரும் காற்றின் அளவு), பீக் பிரஷர் (மூச்சு உள்ளே போகும்போது எட்டும் உச்ச அழுத்தம்), பிளாட்டோ பிரஷர் (காற்றோட்டம் நின்றபின் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்). உள்ளே போகும் அளவைப் பார்த்துப் பயனில்லை. திரும்பி வருவதுதான் கணக்கு. பிளாட்டோவுக்கு மூச்சு உள்ளே போனதும் அரை நொடியாவது ஹோல்ட் பட்டனை அழுத்த வேண்டும். நோயாளி தானே இழுத்துக்கொண்டிருந்தால் அந்த எண் பொய்.

பிறகு 30 முதல் 60 நொடி 100% ஆக்சிஜன். கெத்தீட்டரின் தடிமன் டியூபின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக்கூடாது: 8 மி.மீ. டியூபுக்கு 12 பிரெஞ்ச் (3 பிரெஞ்ச் ஒரு மி.மீ.), 7 டியூபுக்கு 10. சக்‌ஷன் அழுத்தம் 80 முதல் 120 மி.மீ. பாதரசம். குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள். திறந்திருக்கும்போது காட்டும் எண் செல்லாது. கெத்தீட்டர் உள்ளே இருப்பது மொத்தம் 15 நொடிக்குள். மாதிரி நீர்த்துப்போகும் என்பதால் சலைன் விடாதீர்கள். சர்க்யூட்டைக் கழற்றினால் பீப் (மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலை விரித்து வைக்கும் அழுத்தம்) போய்விடும். க்ளோஸ்டு சக்‌ஷன் (சர்க்யூட்டைக் கழற்றாமலே சளி இழுக்கும் அமைப்பு) இருந்தால் அதற்கும் சக்‌ஷன் குழாய்க்கும் நடுவில் மியூக்கஸ் டிராப்பை (சளி சேரும் சிறு புட்டி) மாட்டி எடுங்கள்.

முடித்தபின் அதே மூன்று எண்களை மறுபடி பாருங்கள். பீக் மட்டும் ஏறி பிளாட்டோ அப்படியே இருந்தால் கோளாறு குழாயில்: சளி அடைப்பு, டியூப் மடிப்பு, மூச்சுக்குழல் சுருக்கம். க்ளோஸ்டு சக்‌ஷன் கெத்தீட்டரின் கறுப்புக் கோடு உறைக்குள் முழுதாகத் திரும்பி வந்ததா என்றும் பாருங்கள், இரண்டு செ.மீ. உள்ளே தங்கினாலும் மூச்சு தடைபடும். பீக்கும் பிளாட்டோவும் சேர்ந்தே ஏறினால் கோளாறு நுரையீரலில். காற்றறை மூடியிருக்கலாம். ஒரு பக்கம் மூச்சொலி இல்லை, ரத்த அழுத்தமும் இறங்குகிறது என்றால் நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே மார்புக்குள் காற்று சேர்வது); ஸ்டெத்தை எடுக்கும்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: 7 டியூபில் பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழலுக்குள் பார்க்கும் குழாய்) விட்டதும் பீக் பிரஷர் 55-க்குப் போய் அலாரம் அடிக்கிறது. நிறுத்திவிடவா?
*(டியூட்டி டாக்டர், கும்பகோணம்)*

பதில்: அந்த 55-ல் பெரும்பகுதி ஸ்கோப்புக்கு மேலே, டியூபுக்குள்ளேயே செலவாகிறது, நுரையீரல் அதை அப்படியே வாங்குவதில்லை. 5.7 மி.மீ. ஸ்கோப் 8 டியூபின் பரப்பில் பாதியை அடைக்கும், 7 டியூபில் மூன்றில் இரண்டு பங்கை. ஸ்கோப்புக்கும் டியூபுக்கும் 2 மி.மீ. வித்தியாசமாவது வேண்டும். உங்களிடம் மெல்லிய ஸ்கோப் இருந்தால் அதை எடுங்கள்.

அலாரத்தைவிட மோசம் அலாரம் அடிக்காத நிலைமை. பிரஷர் கன்ட்ரோலில் (அழுத்தத்தை நிலையாக வைக்கும் முறை) பிரஷர் ஏறாது, வால்யூம் சத்தமில்லாமல் பாதியாகிவிடும். வால்யூம் கன்ட்ரோலிலோ (காற்றின் அளவை நிலையாக வைக்கும் முறை), பிரஷர் லிமிட்டை எட்டியதும் மெஷின் மூச்சைப் பாதியிலேயே வெட்டிவிடும். அதனால் லிமிட்டை முன்கூட்டியே உயர்த்துங்கள். முடிந்ததும் மறக்காமல் இறக்குங்கள். ஸ்கோப் நுழையும் ஸ்விவல் கனெக்டரின் ரப்பர் தொளதொளவென்று இருந்தால் காற்று அங்கேயே கசியும்.

வெளிமூச்சு ஃப்ளோ கோடு பூஜ்யத்தைத் தொடுவதற்குள் அடுத்த மூச்சு தொடங்கினால் காற்று உள்ளே தேங்குகிறது. பீப்பையும் மூச்சு எண்ணிக்கையையும் குறையுங்கள், ஸ்கோப்பை வெளியே இழுத்து இடைவெளி கொடுங்கள். ஸ்கோப்பில் சக்‌ஷனை அழுத்திப் பிடித்தால் அது மூச்சுக் காற்றையே உறிஞ்சும். விட்டு விட்டு அழுத்துங்கள். அந்த நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் குறைவாகக் காட்டுவதை நம்ப வேண்டாம், ரத்தத்தில் அது ஏறிக்கொண்டிருக்கும். தலையில் அடிபட்டவருக்கு இது விபரீதம். சாச்சுரேஷன் 90-க்குக் கீழே போனாலோ, வெளிமூச்சு வால்யூம் பாதிக்கும் கீழே நின்றாலோ, இதயத் துடிப்பு தாறுமாறானாலோ வெளியே எடுங்கள்.

சலைன் விட்டுக் கழுவி எடுப்பதானால் 40 மி.லி. வீதம் மூன்று முறை போதும். விட்டது முழுவதும் திரும்பாது. தங்கியது நுரையீரலை விறைப்பாக்கும். டைடல் வால்யூம் 420, பிளாட்டோ 20, பீப் 6 என்றால் 20-ல் 6 போக 14; 420-ஐ 14-ஆல் வகுக்க, இணக்கம் (நுரையீரல் எவ்வளவு எளிதாக விரிகிறது என்ற அளவு) 30. கழுவியபின் பிளாட்டோ 24 ஆனால் 23. முடிந்ததும், அரை மணியில், இரண்டு மணியில் இந்தக் கணக்கைப் போடுங்கள். பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை ஆக்சிஜனை அவசரப்பட்டு இறக்காதீர்கள்.

கேள்வி: வயலுக்கு அடிக்கும் மருந்தைக் குடித்து வருபவர்களுக்கும் இதே முறைதானா?
*(செவிலியர், திருத்துறைப்பூண்டி)*

பதில்: எந்த மருந்து என்று தெரியாமல் 100% ஆக்சிஜனில் கை வைக்காதீர்கள். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து என்றால் மேலே சொன்ன முறையே. அட்ரோபின் ஓடிக்கொண்டிருப்பதால் சக்‌ஷனின்போது துடிப்பு குறையாமல் இருக்கலாம்; அதை நல்ல அறிகுறியாக எடுக்கக்கூடாது. பாராகுவாட் களைக்கொல்லி என்றால் கதை வேறு. கூடுதல் ஆக்சிஜனே அங்கே நுரையீரலைக் கெடுக்கும். சாச்சுரேஷன் நிஜமாகவே இறங்கினால் மட்டும், தேவையான அளவுக்கு ஏற்றுங்கள். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி வீட்டாரை அனுப்புவதுதான் முதல் வேலை.

கேள்வி: அப்பாவின் நுரையீரலில் தண்ணீர் விட்டு எடுக்கக் கையெழுத்து கேட்கிறார்கள். உள்ளேயே தங்கிவிடாதா?
*(வாசகர், மயிலாடுதுறை)*

பதில்: விடுவது சலைன். மீதியை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். அன்று மாலை காய்ச்சல் வரலாம், ஆக்சிஜன் தேவையும் கூடலாம். "இப்போது எத்தனை சதவீத ஆக்சிஜனில் இருக்கிறார், கழுவாமல் டியூப் சளியை மட்டும் எடுத்தால் போதாதா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் லேபுக்கு மாதிரி அனுப்பினால் கெட்டுவிடுமா?
*(லேப் டெக்னீஷியன், வேதாரண்யம்)*

பதில்: இரண்டு மணி நேரத்துக்குள் சேராது என்று தெரிந்தால் 4 டிகிரியில் ஐஸ் பேக்கோடு அனுப்புங்கள். உறைய விடக்கூடாது, ஃபார்மலின் கூடவே கூடாது. எடுத்த நேரம், எடுத்த முறை, ஏற்கெனவே ஓடும் ஆன்டிபயாடிக் மூன்றையும் சீட்டில் எழுதுங்கள். டியூப் சளிக்கு மி.லி.க்கு ஒரு லட்சம், கழுவிய நீருக்குப் பத்தாயிரம் என்று கிருமி எண்ணிக்கையின் வரம்பு மாறுவதால் முறையை எழுதாத சீட்டு பாதி வீண். சர்க்கரை நோயுள்ள, சேற்றில் இறங்கி வேலை செய்பவர் என்றால் அதையும் எழுதுங்கள். மெலியாய்டோசிஸ் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருப்பது. லேபுக்குச் சொல்லாவிட்டால் அது 'சூடோமோனாஸ்' என்ற பெயரில் ரிப்போர்ட்டாகித் திரும்பிவிடும்.