யாழ்ப்பாணத்தில் தரமான ரோசாக் கன்று வாங்குவது எப்படி? வாங்கிய கன்று பட்டுப்போனால் என்ன செய்வது?

நல்ல விலை கொடுத்து வாங்கிய ரோசாக் கன்றுகள் சில வாரங்களிலேயே பட்டுப்போகின்றன என்றும், தப்பியவற்றில் ஒன்று கடையில் கண்ட நிறத்தில் பூக்கவில்லை என்றும், இனி எங்கே எப்படி வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோப்பாய்ச் செம்மண்ணில் நீண்ட காலமாக ரோசா வளர்த்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ரோசா வாங்குபவர் முதலில் கேட்டறிய வேண்டியது அந்தக் கன்று எங்கே வளர்ந்தது என்பதை. முதலில் பார்க்க வேண்டியது அதன் வேரை. பூவைக் கடைசியில் பார்த்தால் போதும்.

இங்கே விற்பனைக்கு வரும் பெரிய பூ ரோசாக்களில் கணிசமானவை மலைநாட்டில் ஒட்டி வளர்க்கப்பட்டு லொறியில் வருபவை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலான உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசாக உள்ள ஊர். நம்முடைய சராசரியோ 28 பாகையை அண்டியது. குளிரிலும் தேயிலைக்கு ஏற்ற அமில மண்ணிலும் வளர்ந்த செடி, வெயிலுக்கும் சுண்ணாம்புக்கல் நிலத்துக்கும் திடீரென வந்து சேர்ந்தால் இலையை உதிர்ப்பது இயல்பே. அதனால் வந்திறங்கிய அன்றே விற்கப்படும் கன்றைவிட, இங்கேயே நிழல்வலைக்குக் கீழ் ஓரிரு மாதம் வைத்துப் பழக்கி, ஒருமுறை கவ்வாத்து செய்து, புதுத் துளிர் விட்ட கன்றுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம் என்பது என் உறுதியான கருத்து. நீர்வேலி, உரும்பிராய், திருநெல்வேலிப் பக்கங்களில் வீட்டு வளவிலேயே கன்று வளர்த்து விற்பவர்களிடம் நேரில் சென்று, “இது இஞ்சை வந்து எவ்வளவு காலம்?” என்று கேளுங்கள். தன் கன்றைத் தானே பராமரிப்பவர் அதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

கன்றைத் தெரிவு செய்யும்போது தண்டின் அடியைப் பிடித்து மிக மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். வேரோடிய கன்று என்றால் பையிலுள்ள மண் முழுவதும் சேர்ந்து அசையும். தண்டு மட்டும் தளர்ந்து வருமானால் அது அண்மையில் நட்ட வெட்டுத்துண்டாகவோ, பை மாற்றும்போது வேர் அறுபட்ட கன்றாகவோ இருக்கும். தண்டில் சேமிப்பாக இருக்கும் உணவைக் கொண்டே ஒரு துண்டு துளிர்விடவும் ஒரு மொட்டை விரிக்கவும் முடியும் என்பதால், இலையும் பூவும் இருப்பதை வேர் இருப்பதற்கான சான்றாகக் கொள்ள முடியாது. பையின் அடித்துளையில் வெள்ளை வேர் நுனிகள் தெரிவது நல்ல அறிகுறி. கறுத்து நாற்றமடிக்கும் வேர் அழுகலைக் காட்டும். அடித்தண்டில் கழலை போன்ற தடிப்பு இருந்தால் அது பற்றீரியாவினால் வரும் கழலை நோயாக இருக்கக்கூடும். அத்தகைய கன்றை இலவசமாகத் தந்தாலும் வளவுக்குள் கொண்டுவராதீர்கள், ஏனெனில் அந்தக் கிருமி மண்ணில் தங்கிவிடும்.

அடுத்தது ஒட்டு. ஹைபிரிட் டீ எனப்படும் பெரிய பூ ரோசாக்கள் பெரும்பாலும் வேறொரு வலுவான ரோசாவின் ஒட்டுக்கட்டையில் (வேருள்ள அடித்தண்டில்) அரும்பொட்டு மூலம், அதாவது ஓர் அரும்பைப் பதித்து ஒட்டி, உருவாக்கப்படுகின்றன. ஒட்டின இடம் நன்றாகப் பொருந்தி, வெடிப்பின்றி, அதற்கு மேலிருந்து பென்சில் தடிப்பில் குறைந்தது இரண்டு பச்சைத் தண்டுகள் வந்திருக்க வேண்டும். ஒட்டைச் சுற்றிய பொலித்தீன் நாடா இன்னும் இறுகிக் கிடந்தால் கன்று விற்பனைக்குத் தயாராகவில்லை. இலைகளின் அடிப்பக்கத்தில் நுண்ணிய வலையும் புள்ளியும் தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. தண்டில் வெண்சாம்பல் நிறச் செதில்கள் ஒட்டியிருந்தால் செதில் பூச்சி. இவை கட்டுப்படுத்தக்கூடியவை என்றாலும் ஒரு கன்றோடு மற்றச் செடிகளுக்கும் வந்துவிடும்.

காலத்தையும் கவனியுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கன்றுகளைக் கண்டு ஆசைப்படுவோம். ஆனால் அது சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சும் காலம். மாரி ஓய்ந்து, பனியும் மிதமான வெயிலும் உள்ள தை, மாசி மாதங்களே நான் வாங்கும் காலம். பூசைக்குப் பூ வேண்டும் என்பது மட்டுமே உங்கள் தேவையானால் கடைக்கே போக வேண்டியதில்லை: பன்னீர் ரோசா வெட்டுத்துண்டிலேயே வேர்விடும், நம் வெயிலையும் தாங்கும், அயலில் கேட்டால் மாரிக்கு முன் ஒரு தடியைத் தருவார்கள்.

முகநூல் விளம்பரங்களைப் பார்த்து வாங்குவதில் எனக்கு ஏமாற்றமே மிகுதி. கருஞ்சிவப்பென்று அனுப்பிய கன்று வெளிர் ரோசா நிறத்தில் பூத்தது. படத்தில் காட்டிய கன்று ஒன்று, பொதியில் வந்தது வேறொன்று. நீல ரோசா, நீல ரோசா விதை என்பவற்றை அறவே தவிருங்கள். அந்த நீலத்துக்கு வேண்டிய நிறப்பொருள் ரோசாவில் இயற்கையாக உருவாவதில்லை. ஜப்பானின் சன்ரோரி நிறுவனம் மரபணு மாற்றத்தின் மூலம் உருவாக்கி 2009 இல் விற்பனைக்கு விட்ட ரோசாகூட இளம் ஊதாவாகவே இருந்தது.

இனி, ஏமாற்றம் நேர்ந்தபின் செய்ய வேண்டியவை. விற்றவரோடு பேசுவதற்கு முன்பு குறை யாருடையது என்பதைப் பிரித்தறிவது அவசியம். முதல் இரண்டு வாரத்தில் இலை உதிர்ந்தாலும் நகத்தால் இலேசாகச் சுரண்டும்போது தண்டு பச்சையாக இருந்தால் கன்று உயிரோடு இருக்கிறது. நிழலில் வைத்து, ஈரம் காத்து, உரம் போடாமல் பொறுத்திருங்கள். பூவின் நிறம் மாறிவிட்டதென்றால், பூத்த கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்திருந்தால் அது ஒட்டுக்கட்டையின் கிளை. அதைப் புறப்படும் இடத்தோடு பிய்த்து எடுத்தால் மேற்கிளை மீளும். ஒட்டுக்கு மேலேயே வேறு நிறமாக இருந்தால், வேறு இனத்தைத் தந்திருக்கிறார்கள் என்று தயங்காமல் கேட்கலாம்.

இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது யாழ்ப்பாணத்தில் மிகப் பரவலாகக் காணப்படும் குறை. இதற்கு விற்றவரைக் குறை சொல்வது சரியல்ல. கேத்தலின் அடியில் வெண்படையாகப் படியும் அதே சுண்ணாம்பு, நம் கிணற்றுநீரோடு சாடிக்குள் சேர்ந்து மண்ணைக் காரமாக்குகிறது; ரோசா விரும்புவது 6 முதல் 6.5 வரையான பிஎச் அளவை, அதாவது இலேசான அமிலத் தன்மையை. மண் காரமானால் அதில் இரும்பு இருந்தாலும் வேரினால் எடுக்க முடியாது. மாட்டெருவும் கழுவி உப்பு நீக்கிய தும்புத்தூளும் கலந்த மண்ணை நிரப்பி, இயன்றபோதெல்லாம் சேமித்த மழைநீரை ஊற்றுங்கள். இரும்புச் சத்து வாங்குவதானால் ஈடிடிஎச்ஏ (EDDHA) வகையைக் கேளுங்கள். மலிவான ஈடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் விரைவில் பயனற்றுப்போகும். கடலோரங்களிலும் தீவுப் பகுதியிலும் இலை விளிம்பு கருகுமானால் சவர்நீரையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

குறை உண்மையிலேயே விற்றவருடையது என்று தெளிவானால், பொதியைப் பிரித்தபோது எடுத்த படத்தையும் விளம்பரத்தின் படத்தையும் அனுப்பி, மாற்றுக்கன்றா பணமா வேண்டும் என்பதை மரியாதையாகவும் தெளிவாகவும் எழுதுங்கள். நேர்மையான வியாபாரிகள் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். மறுத்தால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் செடிக்கும் பொருந்தும்: கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை, கன்றை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைத்து வழிமுறையைக் கேட்கலாம். கன்று முதன்முறை பூப்பதற்கே பல வாரம் எடுக்கும் என்பதால், அந்த மூன்று மாதத்தை மனத்தில் வைத்து, முதற்பூ விரிந்தவுடனேயே நிறத்தைப் படமெடுத்துப் பற்றுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.