கம்பளத்தின் கீழிருந்த ப்ளைவுட்

கனடாவின் மிசிசாகாவில் வாங்கிய பழைய வீட்டில் படுக்கையறைக் கம்பளத்தைப் பிய்த்தெடுத்தபோது அடியில் ப்ளைவுட் தெரிந்ததாகவும், புதுத் தரை போட இப்போது கையில் பணம் இல்லாததால் அதற்கே ஸ்டெயின் (மரத்துக்குள் ஊறி நிறமேற்றும் சாயம்) அடித்து வார்னிஷ் பூசிக் குடியிருக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும், தம்பி. நாங்களே ஆறு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தோம்.

முதலில் அது ப்ளைவுட்தானா என்று பாருங்கள். சிராய்களை அழுத்தி ஒட்டிய பலகையாக இருந்தால் அதைத் தேய்ப்பதில் பயனில்லை. தரைக்கான பெயின்ட் அடித்துவிடுவது நல்லது. வீடு 1990க்கு முன் கட்டப்பட்டதாகவும், தரையில் பழைய வினைல் ஓடுகளோ கறுப்புப் பசையோ ஒட்டியிருப்பதாகவும் இருந்தால், அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கக்கூடும். பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு தெரியும்வரை அதைச் சுரண்டவே கூடாது.

அடுத்தது ஸ்டேப்பிள்கள். கம்பளத்தின் அடிமெத்தையைப் பிடித்திருந்த இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். பட்டித் தகட்டைத் தரையோடு படுக்கவைத்து இழுத்துக்கொண்டே போனால், தப்பிய ஒவ்வொன்றும் 'டிக்' என்று காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் குறடால் பிடுங்கி, திருகாணித் தலைகளைச் சற்றே உள்ளிறக்கிய பிறகே உப்புத்தாளைத் தொடுங்கள்.

நான் தவறியது இந்த இடத்தில்தான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று உருளை வைத்த பெரிய தேய்ப்பு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தேன். ப்ளைவுட்டின் மேலேடு மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியவில்லை. இயந்திரம் ஓரிடத்தில் ஒரு கணம் நின்றதும் மேலேடு கரைந்து, அடியிலிருந்த பசை கறுப்பாய்த் தெரிந்தது. அந்த வீட்டில் இருந்தவரை அந்த இடத்தின் மேல்தான் எங்கள் கட்டில் கிடந்தது. நீங்கள் சிறு வட்டமாய்ச் சுழன்று தேய்க்கும் கையடக்கமான ஆர்பிட்டல் இயந்திரத்தில் 80 எண் தாளில் தொடங்கி 120இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்நாட்டுத் தரைப் ப்ளைவுட் பெரும்பாலும் ஃபிர், ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரங்களால் ஆனது என்பதால், ஸ்டெயினைச் சீராகக் குடிக்காமல் திட்டுத்திட்டாய் நிற்கும். முன்பூச்சாக மரத்துக்கான கண்டிஷனர் தடவினால் இது குறையும். நிறம் அடர்த்தியாக ஆக திட்டுகளும் எடுப்பாகத் தெரியும். ஆகவே வெளிர் பழுப்பே என் தேர்வு. அலமாரிக்குள் ஒரு மூலையில் பூசிப் பார்த்துவிட்டு அறைக்கு வாருங்கள். பலகைகளுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளியை மக்கு வைத்து அடைக்க வேண்டாம்; குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடி மரம் சுருங்கும்போது அது வெடித்துப் பெயர்ந்துவிடும்.

மேலே நீர் வகைப் பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கோட் போதும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே 220 எண் தாளால் இலேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். எண்ணெய் வகை உறுதியானதுதான். ஆனால் மஞ்சளிக்கும், நெடியும் அதிகம். சன்னல் திறக்க முடியாத ஜனவரியில் அதைத் தொடாதீர்கள். எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே தனித்தனியாக விரித்து, நன்றாக உலர்ந்து விறைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.