துளைக்கருவி யார் கையில்?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். இனி இவற்றையெல்லாம் செயற்கை நுண்ணறிவு ரோபோக்களே பிழையின்றிச் செய்துவிடும் என்று படித்தேன். அதுவரை காத்திருக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: அம்மாவைக் காத்திருக்க வைக்காதீர்கள். பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பு நாளாக நாளாகக் கரைந்து மெலியும். பிறகு, எலும்புக்குள் திருகுபோலப் பொருத்தும் செயற்கைப் பல்வேரான இம்ப்ளான்ட்டுக்குப் பிடிமானம் கிடைப்பதே கடினமாகிவிடும்.

‘ரோபோ அறுவை சிகிச்சை’ என்று நாம் கேள்விப்படுவதில் பெரும்பகுதி மருத்துவரே செய்வதுதான். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி கருவியில், மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து விரல்களை அசைக்க, நோயாளியின் உடலுக்குள் இருக்கும் மெல்லிய கருவிகள் அதே அசைவை நடுக்கம் நீக்கிச் செய்கின்றன. தானாக அது ஒரு தையல்கூடப் போடாது. 2016இன் இறுதியில் அங்கே அனுமதி பெற்ற யோமி என்னும் பல் மருத்துவ ரோபோவிலும் துளைக்கருவியைப் பிடித்திருப்பவர் மருத்துவரே. நோயாளியின் பற்களில் ஒரு பிடிப்பைப் பொருத்திக் கருவியோடு இணைத்துவிடுவதால், அவர் தலையை லேசாக அசைத்தாலும் கருவி அதை உணர்ந்துகொள்ளும். ஸ்கேனைப் பார்த்து முன்பே குறித்த கோணத்தையோ ஆழத்தையோ மருத்துவரின் கை மீறப் பார்த்தால், ரோபோவின் கரம் இறுகித் தடுக்கும். இந்தத் தடுப்பின் அருமை கீழ்த்தாடையில்தான் தெரியும். அங்கே எலும்புக்குள் ஓடும் நரம்பில் துளைக்கருவி பட்டுவிட்டால், கீழுதடும் மோவாயும் மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாகவே, மரத்துப்போகலாம். குடிக்கும் காபி உதட்டோரம் வழிவதுகூட அவர்களுக்குத் தெரியாது.

தானே வேலை செய்யும் ரோபோக்களும் வந்திருக்கின்றன. 2017 செப்டம்பரில் சீனாவின் சியான் நகரில் ஒரு பெண்ணுக்கு இரண்டு இம்ப்ளான்ட்டுகளை ரோபோவே பொருத்தியது. மருத்துவர்கள் அருகில் நின்றார்கள், கை வைக்கவில்லை. பிழை 0.2 முதல் 0.3 மில்லிமீட்டருக்குள் இருந்ததாகச் செய்திகள் கூறின. 2025இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், அறுவை சிகிச்சைக் காணொளிகளைப் பார்த்துப் பழகிய ஒரு ரோபோ, பித்தப்பையை அகற்றும்போது அதன் பித்தநீர்க் குழாயையும் தமனியையும் கிளிப் போட்டு வெட்டும் கட்டத்தை மனிதக் கை படாமல் முடித்தது. ஆனால் அது உடலிலிருந்து தனியே எடுத்த பன்றி உறுப்புகளில் நடந்த சோதனை. அங்கே இரத்தம் பீறிடாது, மூச்சுக்கு ஏற்ப வயிறு ஏறி இறங்காது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘ரோபோ அறுவை சிகிச்சை செய்தது’ என்று மட்டும் எழுதுவது, உங்களைப் போன்றவர்களைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்கும் தவறு என்றே கருதுகிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் முதலில் அது கட்டுக்குள் இருக்கட்டும். பிறகு முப்பரிமாண ஸ்கேனைத் திரையில் காட்டச் சொல்லி, நரம்பு எந்த இடத்தில் ஓடுகிறது, அதற்கும் திருகின் நுனிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் விடப்போகிறார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். குறைந்தது 2 மில்லிமீட்டர் விடுவது வழக்கம்.