வாசகர் கேள்வி பதில்: ஸ்டேப்ளர் போனதுதான் காரணமா?

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, நம் வீடுகளில் பிரெஞ்சு டப்பிங்கில் ஓடும் ‘நியூயார்க், யூனிட்டே ஸ்பேசியால்’ தொடரைப் பலர் இப்போது பழக்க தோஷத்தால்தான் பார்க்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்தேன். அவ்வளவுதான். கோயில் கமிட்டியைப் பற்றி எழுதினால்கூட இத்தனை கடிதம் வராது. தெரியாதவர்களுக்காக (நம் மொரீஷியஸ் தீவில் அப்படி யாராவது இருந்தால்): அமெரிக்காவில் ‘லா அண்ட் ஆர்டர்: ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்’ என்ற பெயரில் 1999 செப்டம்பரில் என்.பி.சி.யில் ஆரம்பித்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தொடர் இது. பாலியல் குற்றங்களை விசாரிக்கும் நியூயார்க் போலீஸ் பிரிவு ஒன்றின் கதை. அதில் வரும் டிடெக்டிவ் ஜோடிதான் பென்சனும் (மரிஸ்கா ஹார்கிட்டே) ஸ்டேப்ளரும் (கிறிஸ்டோபர் மெலோனி). இந்த மாதம் முழுக்க இதே பேச்சுதான். மாவட்ட விளையாட்டுப் போட்டி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, ஸ்டேப்ளர் போன அன்றைக்கே இந்தத் தொடர் முடிந்துபோய்விட்டது. அதற்கப்புறம் வந்தவர்களில் ஒருத்தர்கூட மனசில் ஒட்டவில்லை. ஒத்துக்கொள்கிறீர்களா? (ரோஸ் ஹில் வாசகி)

பதில்: உங்கள் கோபத்தை ஒத்துக்கொள்கிறேன், காரணத்தை அல்ல. 12 சீசன் பென்சனும் ஸ்டேப்ளரும் ஜோடியாக வேலை பார்த்தார்கள். 2011ல் கிறிஸ்டோபர் மெலோனியின் ஒப்பந்தப் பேச்சு முறிந்தது, ஆள் போய்விட்டார். கதையில் ஒரு விடைபெறும் காட்சிகூட இல்லை. அடுத்த சீசன் தொடக்கத்தில், அவர் வேலையை விட்டுவிட்டார் என்று கேப்டன் கிரேகன் வந்து பென்சனிடம் சொல்வார், அந்த அம்மா தனியாகப் போய் அழுவார், முடிந்தது. அத்தனை வருஷம் கூட இருந்து பார்த்தவர்களுக்கு அது கன்னத்தில் விழுந்த அறைதான்.

ஆனால் அதே வருஷம் இன்னொருவரும் போனார், அவரைப் பற்றி ஒரு கடிதத்திலும் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது சீசனிலிருந்து 12வது சீசன்வரை கதைக்குழுவை நடத்தியவர் நீல் பேர். படிப்பால் குழந்தை மருத்துவர், இதற்குமுன் ‘ஈ.ஆர்.’ என்ற மருத்துவமனைத் தொடரில் எழுதியவர். அவர் கிளம்பிய இடத்துக்கு வாரன் லைட் வந்தார், இவர் நாடகக்காரர், டோனி விருது வாங்கியவர். நம் கல்யாண வீட்டில் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு உட்காருகிறோம், பரிமாறுகிற பையன் மாறிவிட்டான் என்று வருத்தப்படுகிறோம், உள்ளே சமையல்காரரே மாறிவிட்டார் என்பது நமக்குத் தெரியாது. பேர் காலத்தில் வழக்குதான் கதாநாயகன். ஸ்டேப்ளரின் மனைவியும் பிள்ளைகளும் இரண்டு நிமிடம் வந்துவிட்டுப் போவார்கள். லைட் வந்த பிறகு போலீஸ்காரர்களின் வாழ்க்கையே கதையாகி, பல வாரங்களில் வழக்கு அதற்கு ஒரு சாக்காக ஆனது.

ஸ்டேப்ளர்தான் காரணம் என்றால், 2021 ஏப்ரலில் அவர் திரும்பி வந்தபோது எல்லாம் பழையபடி ஆகியிருக்க வேண்டுமே? ஆனதா? அவருக்கென்று ‘ஆர்கனைஸ்டு கிரைம்’ என்ற தனித் தொடர் கொடுத்தார்கள், அங்கே பாதிக் கதை, இங்கே பாதிக் கதை. ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

கேள்வி: முதல் பத்து சீசன் தங்கம், இப்போது வருவது தகரம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? (வாக்வாஸ் வாசகர்)

பதில்: ஐயா, அந்தத் தங்கத்தை ஒருமுறை உரசிப் பார்ப்போம். பத்தாவது சீசன், 2008. ஸ்டேப்ளர் மாறுவேடத்தில் விலங்கு கடத்தும் கும்பலுக்குள் நுழைகிறார். ஒரு கூடைப்பந்தைப் பிரித்தால் உள்ளே குட்டிக் குரங்கு! பாலியல் குற்றப் பிரிவு போலீஸ், பந்துக்குள் குரங்கு. உங்கள் தங்கச் சீசனில்தான் இதுவும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அதே 2008 ஏப்ரலில்தான் ராபின் வில்லியம்ஸ் வந்த எபிசோடும் வந்தது. போலீஸ் அதிகாரி என்று போனில் பொய் சொல்லி, ஒரு உணவகத்து மேனேஜரைக்கொண்டே அங்கு வேலை செய்யும் பெண்ணின் உடைகளைக் களைந்து சோதனை போடவைக்கும் ஆள். அதிகாரக் குரல் கேட்டால் மனிதர்கள் எதையும் செய்வார்கள் என்பதைப் பாடம் நடத்தாமல், அந்த மனிதரின் முகத்தை வைத்தே காட்டினார்கள். சிரிக்கவைத்தே பழகிய முகம், இங்கே சிரித்தால் நமக்கு வயிற்றைப் பிசையும். இதை நினைவில் வைத்துக்கொண்டீர்கள், குரங்கை மறந்துவிட்டீர்கள். பழைய சீசன்களுக்கு மறதி செய்யும் உபகாரம் அது, புதிய சீசன்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை. எல்லாம் சமம் என்று நான் சொல்லவில்லை, அன்று நல்லது அடிக்கடி வந்தது. அது உண்மை.

கேள்வி: டிடெக்டிவ் மன்ச் வேஷம் போட்டவர் இறந்துவிட்டாராமே? (ஃப்ளாக் வாசகர்)

பதில்: ஆமாம், ரிச்சர்ட் பெல்சர் 2023 பிப்ரவரியில் காலமானார். தொடரிலிருந்து 2013லேயே ஓய்வு பெற்றுவிட்டார். பால்டிமோரில் நடக்கும் வேறொரு போலீஸ் தொடரிலிருந்து அதே பெயரோடும் அதே சந்தேகப் புத்தியோடும் இங்கே குடிபெயர்ந்த பாத்திரம் அது. அரசாங்கம் எதைச் சொன்னாலும் நம்பாத அந்த மனிதர் போனபின் அந்த அலுவலகத்தில் சிரிப்பே குறைந்துவிட்டது.

கேள்வி: பென்சனை ஏன் இப்படி விடாமல் வதைக்கிறார்கள்? கடத்துகிறார்கள், அடிக்கிறார்கள், பிள்ளையைத் தூக்கிப்போகிறார்கள். பார்க்கவே முடியவில்லை. (குட்லேண்ட்ஸ் வாசகி)

பதில்: முதல் தடவை நன்றாக இருந்தது என்பதால்தான். 14வது சீசனின் கடைசிக் காட்சியில் வில்லியம் லூயிஸ் என்ற கொடூரன் பென்சனின் வீட்டுக்குள்ளேயே துப்பாக்கியோடு நிற்பான், அதோடு சீசனை முடித்துவிட்டார்கள். அடுத்த சீசன் முதல் எபிசோடில் அவன் பிடியில் நான்கு நாள். மரிஸ்கா ஹார்கிட்டேயின் நடிப்பில் அதுதான் உச்சம் என்பேன், 2006ல் எம்மி வாங்கியதைவிட இது பெரிது. அங்கேயே விட்டிருக்கலாம். அதே சீசனில் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், பிறகு மறுபடியும். அப்புறம் மகன் நோவா கடத்தல். துன்பம் ஒருமுறை கதையாகும், ஐந்தாவது முறை வாடிக்கையாகிவிடும்.

எனக்கு இன்னொரு குறை உண்டு. பென்சனுக்கு சார்ஜென்ட், லெப்டினன்ட், 21வது சீசனில் கேப்டன் என்று பதவி ஏறிக்கொண்டே போனது, வேலை மட்டும் மாறவில்லை. கேப்டனே போய்க் கதவைத் தட்டுகிறார், கேப்டனே ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து வாக்குமூலம் வாங்குகிறார். கிரேகன் கேப்டனாக இருந்தபோது தன் அறையில் உட்கார்ந்து கத்துவார், கீழே இருப்பவர்கள் முறுக்கிக்கொள்வார்கள், அந்த இழுபறியில் பாதி எபிசோட் சுவாரசியமாகிவிடும். இப்போது பென்சனை எதிர்த்துப் பேச அந்த அலுவலகத்தில் ஆளே இல்லை. எல்லோரும் தலையாட்டினால் நாடகம் எங்கிருந்து வரும்?

ஆனால் அந்த அம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தொடருக்கு வந்த கடிதங்களில் பாதிக்கப்பட்ட பெண்கள் தங்கள் கதைகளை எழுதியதைப் படித்துவிட்டு, 2004ல் அவர்களுக்காக அறக்கட்டளை ஆரம்பித்தவர். அமெரிக்கப் போலீஸ் கிடங்குகளில் பரிசோதிக்கப்படாமலே குவிந்து கிடந்த தடய உறைகளைப் பற்றி ஒரு ஆவணப்படமும் தயாரித்தார். நடித்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போகிற ரகம் இல்லை.

கேள்வி: நான் சட்டம் படிக்கிறேன் அக்கா. இப்போதெல்லாம் குற்றவாளி யார் என்று பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு மீதி அரை மணி நேரம்? (காத்ரு போர்ன் வாசகர்)

பதில்: தம்பி, வந்த கடிதங்களிலேயே உருப்படியான கேள்வி உன்னுடையதுதான்.

பழைய எபிசோட் ஒன்றை நினைத்துப்பார். விளம்பரம் போக 42 நிமிடம் சொச்சம். முதலில் சந்தேகப்படும் ஆள் நிச்சயம் குற்றவாளி இல்லை, இரண்டாவது ஆளும் அநேகமாக இல்லை. நடுவில் ஹுவாங் டாக்டர் வந்து மனநிலை பற்றி ஒரு வாக்கியம் சொல்வார், கதை திரும்பும். கடைசிக் கால்வாசி கோர்ட். அந்த அமைப்பே நம்மை இழுத்துக்கொண்டு போகும், வசனம் சுமாராக இருந்தாலும் தப்பித்துவிடும்.

இப்போது வரும் வழக்குகளில் பெரும்பாலும் ஆள் யார் என்பதில் சந்தேகமில்லை, பெண் சம்மதித்தாளா இல்லையா என்பதுதான் கேள்வி. 2017க்குப் பிறகு, மீ டூ வந்தபின், இது இன்னும் கூடியது. உலகத்தில் நடப்பதும் அதுதான், இருட்டுச் சந்தில் முகம் தெரியாதவன் பாய்வதைவிடத் தெரிந்தவனால் நடப்பதே அதிகம். ஆக, தொடர் உண்மைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது, அதற்காகப் பாராட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால், ‘யார்’ என்ற கொக்கியைக் கழற்றிவிட்டால் ‘ஜூரி நம்புமா’ என்பதை அதே அளவு இறுக்கமாக எழுதியாக வேண்டும், அது எல்லோருக்கும் வராது. வராதபோது என்ன செய்கிறார்கள்? பென்சன் பேசுகிறார். நியாயமான பேச்சுதான், வீட்டிலும் கேட்கலாம், ஆனால் அது கதை ஆகாது.

வரும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2012, 14வது சீசன், அரசு வழக்கறிஞர் பார்பா அறிமுகமாகும் எபிசோட். டி.வி. நிகழ்ச்சித் தொகுப்பாளன் ஒருவன் ஒரு பெண்ணைப் பெல்ட்டால் கழுத்தை நெரித்தான் என்பது வழக்கு, ஆள் யார் என்று முதலிலேயே தெரியும். கூண்டில் நிற்கும் அவன் முன்னால் போய், பார்பா அந்தப் பெல்ட்டைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு ‘இழு’ என்று சீண்டுவார். அவன் கோபத்தில் இழுப்பான், ஜூரி பார்த்துக்கொண்டிருக்கும். மூச்சு நமக்கும் நின்றுவிடும். நிஜ நீதிமன்றத்தில் இதைச் செய்தால் நீதிபதி என்ன செய்வார் என்று உன் பேராசிரியரிடம் கேட்டுப்பார்! இது ஸ்டேப்ளர் போன பிறகு வந்தது என்பதை ரோஸ் ஹில் தங்கச்சியும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, நம் ஊரிலும் கொலை வழக்குக்கு ஜூரி உண்டு, 9 பேர், அங்கே 12. மற்றபடி அந்தத் தொடரைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதாதே.

கேள்வி: ஒரே இரவில் பென்சனுக்கு முடி நீளமாகிறது, அடுத்த எபிசோடில் குட்டையாகிறது, போன ஸ்டேப்ளர் திரும்பி வருகிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. (மாயேபூர் வாசகி)

பதில்: உங்கள் தலையில் கோளாறு இல்லை. பிரெஞ்சு சேனல்களில் புதிய எபிசோட் ஒன்றைப் போட்டுவிட்டு, அதே இரவில் பழையதை ஒட்டி ஓட்டுவார்கள். ஒன்பது மணிக்குக் கேப்டன், பத்து மணிக்கு வெறும் டிடெக்டிவ். இப்படிப் பார்க்கும்போது புதியது இன்னும் மோசமாகத் தெரிகிறது என்பது என் அனுமானம், ஏனென்றால் பக்கத்திலேயே பழையதை வைத்து ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். சைக்ளோன் எச்சரிக்கை மூன்றாம் வகுப்பு போட்டு வீட்டில் அடைந்து கிடக்கும் நாளில் வரிசையாக ஒரே சீசனைப் பாருங்கள் (கரன்ட் இருந்தால்), கருத்து மாறலாம்.

டப்பிங்கும் ஒரு காரணம். 2000லிருந்து ஃபின் என்ற போலீஸ்காரராக நடிக்கும் ஐஸ் டி ஒரு ராப் பாடகர், அவருடைய சோம்பலான இழுவைக் குரலில்தான் பாதிப் பாத்திரம் இருக்கிறது. பிரெஞ்சில் கேட்டால் யாரோ நோட்டரி பேசுவதுபோல எனக்குத் தோன்றும்.

கேள்வி: அமெரிக்கா எதற்கு? நம் இந்தி ‘சி.ஐ.டி.’ தொடரை விடவா? (த்ரியோலே வாசகர்)

பதில்: ஏ.சி.பி. பிரத்யுமன், தயா உடைக்கும் கதவுகள், சாலுங்கே டாக்டரின் பரிசோதனைக்கூடம்... யாருக்குத்தான் பிடிக்காது. 1998ல் தொடங்கி 2018ல் நிறுத்தி, 2024 டிசம்பரில் திரும்ப வந்தார்கள். 2004ல் 111 நிமிடம் ஒரே ஷாட்டில் ஒரு எபிசோட் எடுத்தார்கள், அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் அதன் தரம் விழுந்தது என்று யாரும் கண்ணீர் விடுவதில்லை பாருங்கள், ஏனென்றால் நாம் அதை நம்பிப் பார்த்ததே இல்லை, கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் பார்த்தோம். நம்பிப் பார்த்த தொடர்தான் ஏமாற்ற முடியும்.

கேள்வி: பத்து வயது மகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா? (க்யூர்பிப் தாய்)

பதில்: வேண்டாம் அம்மா. மகளுக்குப் பதினைந்து பதினாறு ஆகட்டும், அப்போது கூட உட்கார்ந்து, நடுநடுவே நிறுத்திப் பேசிப் பாருங்கள்.

கேள்வி: 2025ல் தொடங்கிய 27வது சீசனுக்கு நேரம் செலவழிக்கலாமா, இல்லை நிறுத்திவிடலாமா? (போ பாசேன் வாசகர்)

பதில்: 2016லிருந்து 2025க்குள் கதைக்குழுத் தலைமை ஐந்து முறை கை மாறியிருக்கிறது, நடுவில் லைட்டே ஒருமுறை திரும்பி வந்துவிட்டுப் போனார். அப்படி இருக்கும்போது ஒரே குணம் எப்படி நிலைக்கும்? இப்போது பொறுப்பில் இருப்பவர் மிஷெல் ஃபஸேகாஸ். இந்தத் தொடருக்கு முதல் பெண் தலைமை. நீல் பேர் காலத்தில் இதே தொடரில் எழுதியவர், வழக்கை எப்படி மடித்து மடித்துத் திறக்க வேண்டும் என்று அந்தப் பட்டறையில் கற்றவர். இடையில் விலகிப் போன டிடெக்டிவ் ரோலின்ஸையும் நிரந்தரமாகத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். ஸ்டேப்ளர் வருவாரா மாட்டாரா என்று காத்திருக்காமல், முதல் மூன்று எபிசோட் பாருங்கள். விசாரணைக்கு எத்தனை நிமிடம், பென்சன் வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்று மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.