உறையில் ஒரு பெயர், வட்டில் ஒரு பெயர்: வெற்று டிவிடி கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பழைய கல்யாணம், தீமிதி, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா எல்லாம் இன்னும் டிவிடியில்தான் கிடக்கின்றன. அவற்றைப் பற்றியும், இப்போது வாங்கும் வெற்று வட்டுகளைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு, இந்த ஊரில் நெடுங்காலம் வீடியோ பிரதி எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

அண்ணா, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஐம்பது டிவிடி உள்ள டப்பா ஒன்று வாங்கினேன். உறையில் கேள்விப்படாத பெயர். இதை உண்மையில் செய்தது யார்? (கல்யாண வீடியோ எடுப்பவர்)

தம்பி, உறையில் இருப்பது விற்றவனின் பெயர். செய்தவனின் பெயர் வட்டுக்குள் இருக்கிறது. வெற்று வட்டு வார்க்கும் பெரிய ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தைவானில் சிஎம்சி மேக்னெட்டிக்ஸ், ரைடெக். ஜப்பானில் ஒரு காலத்தில் தாயோ யூடன். இந்தியாவில் முன்பு மோசர் பேர். தமிழ்ப் படங்களை மலிவு விலையில் டிவிடியாக விற்றார்களே, அதே நிறுவனம்தான். கடையில் பார்க்கும் நூறு பெயர்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சில ஆலைகளிலிருந்து வந்தவை. பெயர்க்காரர் உறையும் மேற்பக்க அச்சும் மட்டும் கொடுப்பார். அடுத்த முறை வேறு ஆலை விலையைக் குறைத்தால் அங்கே போய்விடுவார். அதனால்தான் போன மாதம் நன்றாக இருந்த அதே டப்பா இந்த மாதம் பல்லிளிக்கிறது.

எழுதாத வட்டிலேயே ஆலையின் குறியீடு பதிந்திருக்கும். சிடியில் அது ஒரு நேர எண் போல இருக்கும்: 97:24 என்று தொடங்கினால் தாயோ யூடன், 97:15 என்றால் ரைடெக், 97:26:6 என்றால் சிஎம்சி, 97:34:2 என்றால் மிட்சுபிஷி. டிவிடியில் எழுத்தாகவே வரும். ‘சிஎம்சி மேக்’ என்றோ ‘ரைடெக்’ என்றோ தொடங்கினால் விளக்கமே வேண்டாம். ‘எம்பிஐ’ என்றால் மோசர் பேர், ‘எம்சிசி’ என்றால் மிட்சுபிஷி கெமிக்கல். கணினியில் வட்டைப் போட்டு இம்ஜ்பர்ன் மென்பொருளைத் திறந்தால் வலப்பக்கத்தில் இந்தக் குறியீடு தெரியும். காசு கிடையாது.

வெர்பேட்டிம் வாங்கினால் ஜப்பான் பொருள்தானே, ஐயா? (பள்ளி ஆசிரியை)

இல்லை, டீச்சர். அந்தப் பெயர் நெடுங்காலம் மிட்சுபிஷி கெமிக்கல் கையில் இருந்தது உண்மை. ஆனால் அப்போதே வட்டுகளில் பெரும்பங்கு தைவானிலும் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் தயாரானது. லேசர் எழுதும் சாயமும் (‘ஏசோ’ என்ற வகை) அச்சு முறையும் மிட்சுபிஷியுடையவை, ஆலை பெரும்பாலும் வேறொருவருடையது. அந்த ஏற்பாட்டில் வந்த ‘எம்சிசி 004’ வட்டுகளை இன்றும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே பெயரில் மலிவு வரிசை ஒன்றும் வந்தது. அதைப் போட்டுப் பார்த்தால் ‘சிஎம்சி மேக்’ என்றே காட்டியது. 2019இல் வெர்பேட்டிம் வணிகத்தையே சிஎம்சி வாங்கிவிட்டது. டிடிகேயும் 2007இல் தன் பதிவு ஊடக வணிகத்தை இமேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆகவே பழைய பெயரின் மேல் வைத்த நம்பிக்கையை அப்படியே இன்றைய டப்பாவின் மேல் வைக்காதீர்கள்.

கோவில் கும்பாபிஷேகப் பதிவுக்குத் தாயோ யூடன்தான் வேண்டும் என்கிறார் எங்கள் செயலாளர். எங்கே கிடைக்கும்?

செயலாளருக்கு ரசனை உண்டு. ஆனால் தாயோ யூடன் 2015 முடிவில் இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. அதன் தொழில்நுட்பமும் சிஎம்சிக்குப் போனது. இன்று யாராவது ‘புதிய சரக்கு’ என்று நீட்டினால் கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

குறியீடு நல்ல ஆலையைக் காட்டினால் வட்டும் நல்லதுதானா? (கணினிக் கடை வைத்திருப்பவர்)

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில், குறியீட்டைத் திருடலாம். தாயோ யூடனின் ‘டிஒய்ஜி 02’ குறியீட்டைப் போட்ட போலி வட்டுகள் ஒரு காலத்தில் நிறையவே புழங்கின. இரண்டாவது, ஆலை உண்மையானதாகவே இருந்தாலும் அங்கிருந்து வரும் எல்லா வட்டும் ஒரே தரமில்லை. சோதனையில் பின்தங்கியவை பெயரில்லாமல் மலிவாக வெளியே போகும். பெயர் மாற்றி விற்பவருக்கு அதுதான் லாபம். சாயம் விளிம்பு வரை சீராகப் பரவாத வட்டு நடுப்பகுதியில் அழகாகப் படிக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில், சரியாகத் தாலி கட்டும் இடத்தில், நின்றுவிடும்.

எனவே எழுதிய பிறகு சோதியுங்கள். லைட்-ஆன் நிறுவனத்தின் டிவிடி எழுதும் கருவி ஒன்று இருந்தால், நீரோ சிடி-டிவிடி ஸ்பீட் மென்பொருளில் பிழைக் கோடு வரைந்து பார்க்கலாம். டிவிடியில் பிஐ பிழை (படிக்கும்போது கருவி திருத்தவேண்டிய பிழைகளின் எண்ணிக்கை) 280ஐத் தாண்டக்கூடாது என்பது தரவரையறை. நல்ல வட்டில் கோடு 20, 30க்குள் படுத்துக் கிடக்கும். விளிம்பை நெருங்கும்போது மலை ஏறுகிறதென்றால் அந்த டப்பாவில் மற்றதையும் நம்பாதீர்கள். இத்தனைக்குப் பிறகும் ஒரே பிரதியோடு நிறுத்துபவருக்கு என்ன சொல்ல!

அடிப்பக்கம் கருநீலமாக இருந்தால் உசத்தி என்கிறார்களே?

நிறம் சாயத்தின் வகையைக் காட்டும், அதுவும் சிடியில்தான். டிவிடி எல்லாமே ஊதாதான். தரத்தை நிறத்தில் தேடவேண்டாம்.

எங்கள் கல்யாண சிடி பதினைந்து வருடமாக அலமாரியில் இருந்தது. மேலே ஒட்டிய படத்தை உரித்தேன், இப்போது ஓடவே இல்லை. அடிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லையே, அண்ணா? (தோட்டத்தில் இருக்கும் சகோதரி)

அம்மா, அந்த வட்டைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். பசை ஒட்டிய இடத்தில் வெளிச்சம் ஊடுருவி வந்தால், வெள்ளிப் பூச்சு படத்தோடு உரிந்து வந்துவிட்டது என்று பொருள். சிடியில் தகவல் மேற்பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. உரிந்த இடத்தை இனி யாராலும் மீட்கமுடியாது. சிடி நடுவிலிருந்து வெளியே எழுதப்படுவது, அதனால் உள்வட்டம் பிழைத்திருந்தால் முதல் பாகம் கிடைக்க வாய்ப்பு உண்டு. இன்னும் உரிக்காதவை இருந்தால் தொடாதீர்கள். ஒட்டியபடியே பிரதி எடுத்துவிடுங்கள். டிவிடிக்கு இந்த ஆபத்து குறைவு, அதில் தகவல் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கிறது.

புளூ-ரேக்கு மாறலாமா?

மாறலாம். உறையில் ‘எல்டிஎச்’ (LTH) என்றிருந்தால் வாங்கவேண்டாம், அது பழையபடி கரிமச் சாயம்தான். ‘எச்டிஎல்’ (HTL) வகையில் கனிமப் பூச்சு, நம் ஊர் வெக்கைக்கு அதுவே தாங்கும். தாமதிக்கவும் வேண்டாம்: பானசோனிக் 2023இலும் சோனி 2025 பிப்ரவரியிலும் வெற்றுப் புளூ-ரே தயாரிப்பை நிறுத்திவிட்டன.

எந்த வேகத்தில் எழுதுவது?

16 மடங்கு வேகம் என்று குறித்த வட்டை 8 மடங்கில் எழுதுங்கள். மிக மெதுவாக எழுதினால் மேலும் நல்லது என்பது பழைய காலத்துப் பேச்சு. வட்டின் மேல் பேனாவால் எழுதுவதானால் சிடிக்கென்று விற்கும் பேனா. பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்சொன்ன அரக்குப் பூச்சுக்குத்தான் அடி.