ஊட்டியில் அந்தக் காட்சி எடுத்த இடம் எங்கே?

தனி வண்டி, வழிகாட்டி வைத்துக்கொண்டு நீலகிரியில் சினிமா எடுத்த இடங்களைப் பார்த்து வருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கோவையிலிருந்து ஆறு பேர் போகிறோம். பைக்காரா, ஒன்பதாவது மைல், பைன் காடு, காமராஜ் சாகர், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, கேத்தி, குன்னூர் சிம்ஸ் பூங்கா என எட்டு இடங்களை ஒரே நாளில் காட்டிக் கூட்டி வருவதாக டிராவல்ஸில் சொல்கிறார்கள். முடியுமா? – வாசகி, கோவை

வண்டி எட்டு இடத்திலும் நிற்கும். நீங்கள் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். கோவையிலிருந்து ஊட்டிக்கு ஏற மூன்று மணி நேரம், இறங்க மூன்று மணி நேரம். காலை ஆறுக்குக் கிளம்பி மாலை ஆறுக்கு வீடு திரும்ப வேண்டுமென்றால் மலைமேல் கிடைப்பது ஆறு மணி நேரம்தான். ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்த, டிக்கெட் எடுக்க, நடந்து போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் வேண்டும். எட்டு முக்கால் ஆறு. இடத்துக்கு இடம் வண்டி ஓடுகிற நேரத்தையும் சாப்பாட்டையும் இதில் சேர்க்கவே இல்லை.

பட்டியலில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. பைன் காடு, காமராஜ் சாகர், ஒன்பதாவது மைல், பைக்காரா நான்கும் கூடலூர் ரோட்டில் வரிசையாக இருப்பவை. கேத்தியும் குன்னூரும் ஊட்டிக்கு நேர் எதிர்ப்பக்கம். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் நடுவில் ஊட்டி டவுன் நெரிசலை இரண்டு முறை தாண்ட வேண்டும். சீசனில் அதிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

முதல் நாளே ஏறி ஊட்டியில் தங்குங்கள். மறுநாள் காலை கூடலூர் ரோட்டில் நேராகக் கடைசி இடமான பைக்காராவுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் ஒன்பதாவது மைலும் பைன் காடும் பாருங்கள். எல்லோரும் ஊட்டிக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நீங்கள் கடைசியிலிருந்து வந்தால் கூட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேத்தி ஒன்று போதும். ஆக நான்கு இடம். அதற்கு மேல் சேர்க்காதீர்கள்.

ஆறு பேர் என்பதால் இன்னொன்று. ஏழு சீட் வண்டி என்றால் டிரைவரையும் சேர்த்துத்தான் ஏழு. நீங்கள் ஆறு பேர், டிரைவர் ஒருவர், அதோடு வழிகாட்டிக்கு இடமில்லை. அவரை நெருக்கி உட்கார வைத்தால் சோதனையில் சிக்கல். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல். சின்ன டெம்போ டிராவலராகக் கேளுங்கள்.

படத்தில் பார்த்த புல்வெளியைத் தேடி ஒன்பதாவது மைலில் உள்ள ஷூட்டிங் மட்டம் போனோம். அந்த இடம்தான் என்று வழிகாட்டி சாதித்தார். எங்களுக்கு அப்படித் தெரியவே இல்லை. ஏமாற்றினாரா? – வாசகர், திருச்சி

பெரும்பாலும் இல்லை. இடம் அதுவாகவே இருக்கும். கேமரா காட்டிய இடம் வேறு, கண் பார்க்கிற இடம் வேறு.

முதல் காரணம் லென்ஸ். உங்கள் போனில் ‘ஒன்று’ என்று இருக்கும் கேமரா அகலமாகப் பார்க்கும். பக்கத்தில் இருப்பதைப் பெரிதாகவும் தூரத்து மலையைச் சின்னதாகவும் காட்டும். பாட்டுக் காட்சிகளில் நாயகிக்குப் பின்னால் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கிறதே, அது நீள லென்ஸ் செய்கிற வேலை. இதை அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். ஒருவரை மூன்று மீட்டர் தள்ளி நிற்க வைத்து ஒன்றில் ஒரு படம் எடுங்கள். அவர் அங்கேயே நிற்கட்டும். நீங்கள் ஒன்பது மீட்டர் தள்ளிப்போய் மூன்று மடங்கு ஜூமில் எடுங்கள். ஆள் இரண்டு படத்திலும் ஒரே அளவில் இருப்பார். பின்னால் உள்ள மலை மட்டும் மூன்று மடங்காக வளர்ந்திருக்கும். நீங்கள் தேடிப் போன காட்சி இரண்டாவது படத்தில் இருக்கிறது.

இரண்டாவது, பருவம். டிசம்பர், ஜனவரி உறைபனியில் இந்தப் புல் கருகி மார்ச் வரை பழுப்பாகவே கிடக்கும். மழை விழுந்த பிறகுதான் பச்சை. மூன்றாவது, மரங்கள். நாற்பது வருடத்தில் சீகையும் யூகலிப்டஸும் வளர்ந்து பழைய காட்சிக்கோணத்தை மறைத்துவிடும். நான்காவது, ஒட்டு வேலை. வாசற்கதவு ஊட்டியில் திறக்கும், உள்ளே இருக்கும் ஹால் சென்னை ஸ்டுடியோவில் இருக்கும். அந்த ஹாலை எந்த வழிகாட்டியாலும் காட்ட முடியாது.

சரியான புள்ளியில் நிற்க ஒரு வழி உண்டு. கிளம்பும் முன் காட்சியை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மாறாத இரண்டு பொருளைக் குறியுங்கள். ஒன்று அருகில் இருக்க வேண்டும்: பாறை, பாலத்தின் தூண், ரோட்டு வளைவு. இன்னொன்று தூரத்தில்: மலை முகட்டில் ஒரு பள்ளமோ கூம்போ. மரத்தைக் குறிக்காதீர்கள், அது வளர்ந்திருக்கும், அல்லது இருக்காது. இடத்துக்குப் போனதும் அருகில் உள்ளது தூரத்தில் உள்ளதோடு படத்தில் எப்படி ஒட்டி நிற்கிறதோ அப்படி வரும்வரை இடமும் வலமுமாக நகருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் கேமரா நின்ற கோடு கிடைத்துவிட்டது. பிறகு அந்தக் கோட்டிலேயே முன்னும் பின்னும் நடந்து அளவைப் பொருத்துங்கள். கடைசியாகத்தான் ஜூம். முதலிலேயே ஜூம் செய்தால் தப்பான இடத்தில் நின்றுகொண்டு சரியான இடம் என்று நினைத்துவிடுவீர்கள். கேமராவின் உயரத்தையும் கவனியுங்கள். முழங்கால் உயரத்தில் வைத்து எடுத்த காட்சியை நின்றுகொண்டு தேடினால் முகடு பொருந்தாது.

நல்ல வழிகாட்டியின் போனில் இப்படிப்பட்ட படங்கள் வரிசையாக இருக்கும். ஏற்பாடு செய்யும்போதே “எந்தப் படம், எந்தக் காட்சி, கேமரா எந்தத் திசையைப் பார்த்தது” என்று கேளுங்கள். “இங்கே நூறு படம் எடுத்திருக்காங்க சார்” என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அதே கூடலூர் ரோட்டில் இந்து நகரையும் காட்டச் சொல்லுங்கள். 1960-ல் தொடங்கிய அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. சினிமா எடுத்த மலையிலேயே பிலிமும் செய்தார்கள். ‘இந்து’ என்ற அதன் பிராண்டுப் பெயர் அந்தக் குடியிருப்புக்கு இன்றும் நிற்கிறது. மூடிக் கிடக்கும் தொழிற்சாலையை ரோட்டிலிருந்து பார்த்தால் போதும். சினிமாவை நேசிப்பவர்கள் அங்கே ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும்.

‘மூன்றாம் பிறை’ கடைசிக் காட்சி எடுத்த ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது? புகை விடும் ரயிலோடு படம் எடுக்க ஆசை. – வாசகர், புதுச்சேரி

1982-ல் வந்த அந்தப் படத்தின் முடிவு எடுக்கப்பட்டது கேத்தி ரயில் நிலையத்தில். ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில், லவ்டேலுக்கு அடுத்த ஸ்டேஷன். பிற்பகல் இரண்டு மணிக்கு ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் ரயில் அரை மணிக்குள் கேத்தியைத் தொடும். இருபது நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள். அன்றைய நேரத்தைக் காலையிலேயே ஊட்டி ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். மழையிலும் மண்சரிவிலும் இந்த ரயில் அடிக்கடி ரத்தாகும்.

புகை மட்டும் அங்கே கிடைக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான் நீராவி எஞ்சின். செங்குத்தான அந்தப் பகுதியில், கல்லாறு தாண்டியதும், தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டம் ஓடும். எஞ்சினின் பல் சக்கரம் அதைப் பிடித்துத்தான் ஏறும். குன்னூருக்கு மேலே பல் சட்டம் கிடையாது, வழக்கமான ரயில்களை டீசல் எஞ்சின் இழுக்கும். புகை வேண்டுமென்றால் குன்னூர் ஸ்டேஷனில் நில்லுங்கள். ரயில் ஏறி வந்ததும் எஞ்சின் கழற்றி மாற்றுவார்கள். நீராவியையும் டீசலையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். கேத்தி, குன்னூர் இரண்டிலும் ரயிலைப் பார்க்க நினைத்தால் கூடலூர் ரோட்டை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கேத்திக்கு வெயில் நாளைவிட மேகம் மூடிய நாளே நல்லது. அந்தக் காட்சி மழையில் நடப்பது. பாலு மகேந்திரா இயற்கை வெளிச்சத்தை நம்பியவர். உச்சி வெயிலில் நடைமேடை வெறும் நடைமேடையாகத்தான் தெரியும். தூறல் விழுந்து தரை நனைந்ததும் அதே இடம் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

‘தில் சே’ (1998) பாட்டு இதே மலை ரயிலின் கூரையில் எடுக்கப்பட்டது என்பதால் பெட்டி மேல் ஏறப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கூரைப் பயணமும் தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பதும் ரயில்வே சட்டப்படி குற்றம். கேத்திக்கு அடுத்த அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, அதற்கும் அடுத்து வெலிங்டனில் ராணுவக் கல்லூரி. அந்த இரண்டு இடத்திலும் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

இ-பாஸ் யார் எடுக்க வேண்டும்? டிராவல்ஸா, நாங்களா? – வாசகி, சேலம்

யார் எடுத்தாலும் செல்லும். வண்டி நம்பர் சரியாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். கட்டணம் கிடையாது. தகராறு வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: முதல் நாள் இரவு டிராவல்ஸ்காரர் வண்டியை மாற்றிவிடுவார், பாஸில் பழைய நம்பர் இருக்கும், கல்லாறு செக்போஸ்ட்டில் ஓரம் கட்டச் சொல்வார்கள். கிளம்பும் முன் பிளேட்டையும் பாஸையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள். 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பு வைத்தார்கள். சீசனில் கடைசி நேரத்தில் பாஸ் கிடைக்காமல் போகலாம்.

இதைவிட நல்ல வழி, அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ ஊட்டி போய், அங்கே டிஎன் 43 பதிவுள்ள டாக்ஸி எடுப்பது. உள்ளூர் வண்டிக்கு இந்தப் பாஸ் தேவையில்லை. டிரைவருக்கு மூடுபனியும் வளைவும் பழக்கம். மஞ்சள் பிளேட்டா என்று பாருங்கள். வெள்ளை பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்தில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிரித்துவிடும். கிலோமீட்டர் கணக்கு எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது, பேட்டா, பார்க்கிங், நுழைவுக் கட்டணம், வழிகாட்டிச் சம்பளம் இதில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள்.

எந்த மாதம் போனால் மூடுபனி தொல்லை இருக்காது? – வாசகர், நெல்லை

நீலகிரியில் ஒரே நாளில் இரண்டு வானிலை இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தை அடிக்கும், பைக்காராவில் எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கம் ஓரளவு தெளிவாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நேர்மாறு. வடகிழக்குப் பருவமழை குன்னூர் சரிவில் கொட்டும், மண்சரிவும் அங்கேதான். ஜனவரி, பிப்ரவரி காலைகள் கண்ணாடி மாதிரி இருக்கும், புல் மட்டும் பழுப்பு. பச்சையும் தெளிவும் சேர்ந்து கேட்டால், தென்மேற்கு மழை ஓய ஆரம்பிக்கும் செப்டம்பர் கடைசி வாரங்களைச் சொல்லலாம். எந்த மாதமானாலும் மதியம் ஒரு மணிக்கு மேல் மூட ஆரம்பிக்கும். தூரத்துக் காட்சியெல்லாம் காலையிலேயே முடியட்டும். ஸ்டேஷன், பைன் காடு போன்ற பக்கத்துக் காட்சிகளை மதியத்துக்கு வையுங்கள். பைன் காட்டுக்கு மூடுபனி அழகுதான்.

குணா குகையையும் இதே நாளில் சேர்க்கலாமா? – வாசகர், தருமபுரி

கூடாது. அது கொடைக்கானல். ஊட்டியிலிருந்து 250 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு நாள் பயணம். அங்கே போனாலும் குகைக்குள் இறங்க முடியாது. வேலி போட்டிருக்கிறார்கள், வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

கொண்டை ஊசி வளைவில் பிள்ளைகளுக்கு வாந்தி. என்ன செய்வது? – வாசகி, விருதுநகர்

வெறும் வயிறும் கூடாது, பூரியும் கூடாது. கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதானால் டாக்டரிடம் கேட்டு, மலை ஏறுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் வந்த பிறகு கொடுத்தால் அதுவே வெளியே வந்துவிடும். போனைப் பார்க்க விடாதீர்கள். நடு வரிசையில் உட்கார வைத்து முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கும்போது டிரைவர் இரண்டாவது கியரில் வருகிறாரா என்றும் கவனியுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் வண்டி குலுங்கும், பிரேக்கும் சூடாகிப் பிடிக்காமல் போகும். கருகல் வாடை வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான டிஸ்க் விரிசல் விடும்.

திருமணத்துக்கு முன் போட்டோஷூட்டை ஒன்பதாவது மைலில் எடுக்கலாமா? ட்ரோன்? – வாசகர், ஈரோடு

குடும்பமாகப் போனில் எடுப்பதற்கு யாரும் தடுப்பதில்லை. லைட், ரிஃப்ளெக்டர், டிரஸ் மாற்றும் கூடாரம் என்று போனால் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். வாசலில் பணம் கட்டிக்கொள்ளலாம் என்று வழிகாட்டி சொன்னால் நம்பாதீர்கள். காட்டுப் பகுதிக்கு மேலே ட்ரோன் பறக்கவிட வேண்டாம், வனத்துறை பறிமுதல் செய்யும்.

புல்வெளிக்குள் வண்டியை ஏற்றச் சொல்லாதீர்கள், “படத்துல கார் உள்ள வந்துச்சே” என்று பிள்ளைகள் கேட்டாலும் கூட. அந்தப் புல்லும் அதன் அடியில் உள்ள மண்ணும் மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு விடுபவை. ஈர மண்ணில் பதிந்த டயர் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகி மண்ணை அரிக்கும். அருகில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து இருந்தால் அது அவர்கள் வீடு. கோயில் குடிசைக்குப் பக்கத்தில் போகாதீர்கள், ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். பூ, வண்ணப் பொடி, புகைக் குச்சி எதையும் கொண்டுபோக வேண்டாம். கொண்டுபோனதெல்லாம், குப்பை உட்பட, பையில் திரும்புகிறதா என்று வண்டியில் ஏறும் முன் பார்த்துவிடுங்கள்.