பசங்கள ஆய்வு செய்ய வைக்கிறது எப்படி? பினாங்கு டீச்சருங்களும் பெற்றோரும் கேட்டது

அறிவியல் விழா நேரம் வந்தா எல்லாருக்கும் ஒரே டென்ஷன். 4, 5, 6ஆம் ஆண்டு பசங்க ஆய்வு செஞ்சு படைக்கிறத பத்தி வந்த கேள்விகள ஒண்ணொண்ணா எடுத்துக்குறேன்.

கேள்வி (டீச்சர், பட்டர்வொர்த்): சார், தலைப்பு யோசிச்சிட்டு வாங்கன்னா எரிமலை, சோலார் சிஸ்டம்னு வந்து நிக்கிறாங்க. என்ன செய்யலாம்?

பதில்: எரிமலைய திட்டி அனுப்பிடாதீங்க டீச்சர். வினிகர்ல சோடா மாவு போட்டா பொங்கும்னு எல்லாருக்கும் தெரியும், அதுல கேள்வி இல்ல, அவ்ளோதான். அதே சாமான வச்சி "வினிகர சூடு பண்ணா சீக்கிரம் பொங்கி அடங்குமா"ன்னு கேட்டுட்டா ஆய்வு ஆயிடுச்சு. எத மாத்தப்போற, எத அளக்கப்போற, எத மாத்தாம வைக்கப்போற, இந்த மூணையும் அவன் வாயாலயே சொல்லட்டும். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறின்னு பாடபுத்தகத்துல இருக்குறது இதுதான், ஆனா பேர மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு ஒவ்வொரு கப்புக்கும் ஒவ்வொரு அளவு தண்ணி ஊத்துற பசங்கதான் அதிகம். "எந்த சோப்பு நல்லது"ன்னு வந்தா, நல்லதுன்னா என்னன்னு திருப்பி கேளுங்க. நுரை எத்தன சென்டிமீட்டர் எழும்புதுன்னு ரூலர் வச்சி பாக்கலாம், நல்லத எப்படி அளக்குறது?

கேள்வி (அப்பா, புக்கிட் மெர்தாஜாம்): மக பச்சைப்பயற ஒரு கப்பு ஜன்னல் கிட்டயும் ஒரு கப்பு அலமாரிக்குள்ளயும் வச்சா. வெளிச்சத்துல இருக்குறதுதான் உயரமா வளரும்னு கருதுகோள் எழுதிட்டா, இப்ப இருட்டுல இருக்குறதுதான் உயரமா நிக்குது. கருதுகோள மாத்தி எழுதிடவா?

பதில்: வேண்டவே வேண்டாம்ங்க, உங்க மகளுக்கு கிடைச்சிருக்குறது லாட்டரி. வெளிச்சம் இல்லாதப்ப முளை விதைக்குள்ள இருக்குற சேமிப்ப எல்லாம் தண்டு நீளுறதுக்கே செலவு பண்ணும், எப்படியாவது வெளிச்சத்த புடிக்கணும்னு. அதனாலதான் ஒல்லியா நீளமா போகுது, பச்சையம் உருவாகாததால இலை மஞ்சளா இருக்குது, சேமிப்பு தீந்ததும் சாஞ்சிடும். பாசார்ல (சந்தையில) வாங்குற தவுகேயும் (முளைப்பயறு) இருட்டுல வளந்ததுதான், அதான் வெள்ளையா இருக்கு. ஆக தப்பு கருதுகோள்ல இல்ல, "வளர்ச்சி"ன்னா உயரம் மட்டும்தான்னு வச்சிக்கிட்டதுல இருக்கு. இலை நிறம், தண்டு தடிப்பு, எத்தன நாள் நிமிந்து நின்னுச்சுன்னு அட்டவணையில இன்னும் மூணு பத்தி சேத்து எழுத சொல்லுங்க. இன்னொன்னு, கப்புக்கு ஒரே ஒரு பயறுன்னா போச்சு, அது சொத்தை விதையா இருந்தா என்ன பண்ணுவீங்க? ஒரு பக்கம் 30, இன்னொரு பக்கம் 30 போடுங்க, சராசரி எடுங்க. முளைக்காதத தூக்கி எறிஞ்சிட்டு கணக்கு போடாதீங்க, 30ல 27 முளைச்சா அதையும் எழுதணும். நீதிபதி முன்னாடி "நான் நெனச்சது நடக்கல, ஏன்னா"ன்னு ஒரு புள்ள ஆரம்பிச்சா நானா இருந்தா காத தீட்டிக்கிட்டு கேப்பேன்.

கேள்வி (டீச்சர், ஆயர் ஈத்தாம்): இங்க டெங்கி தலைப்புக்கு மவுசு. கொசுப்புழு வளத்து மருந்து டெஸ்ட் பண்ணலாமா?

பதில்: வளக்கவே கூடாது டீச்சர். நோய் பரப்பும் பூச்சிகள அழிக்கிற 1975ஆம் ஆண்டு சட்டம் இருக்கு, வளாகத்துல புழு இருந்தாலே கம்பவுண்ட் (அபராதம்) போடலாம். நம்ம வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாள்ல முட்டை கொசுவாயிடும், வெள்ளிக்கிழம மூடி வச்சிட்டு லீவுக்கு போனா கதை கந்தல். அதுக்கு பதிலா வாராவாரம் பள்ளிய சுத்தி எங்கெங்க தண்ணி தேங்குதுன்னு எண்ணி (பூச்சட்டி தட்டு, டயர், அடைச்ச சாக்கடை), மேப் போட்டு, எண்ணினதும் கொட்டிட்டு வரட்டும். மழை பெஞ்ச வாரத்தோட ஒப்பிட்டா அருமையான ஆய்வு.

ரொட்டியில பூஞ்சை வளக்குற ஆய்வுக்கும் இதே ஜாக்கிரத வேணும். ரொட்டிய ஜிப் பையில போட்டு ஒட்டிட்டு, கடைசி வர திறக்காம அப்படியே தூக்கி போடணும்.

கேள்வி (அம்மா, சுங்கை ஆரா): செலவில்லாம ஏதாச்சும்?

பதில்: வேலியில புங்கா தெலாங் இருக்கா? நம்ம சங்குப்பூதான், நியோன்யா பலகார கடையில பூலுட் தைதைங்கிற பசையரிசி பலகாரத்துக்கு நீலம் ஏத்துறது. சுடுதண்ணியில ஊற வச்ச நீலச் சாறுல எலுமிச்ச புழிஞ்சா ஊதாவாகும், சோடா மாவு கரைச்சா பச்சை பக்கம் போகும். சும்மா கலர் காட்டிட்டு வராதீங்க, எத்தன சொட்டுக்கு நிறம் மாறுதுன்னு எண்ணுங்க, கடை எலுமிச்ச சாறையும் வீட்டு எலுமிச்சயையும் ஒப்பிடுங்க. செலவு ரெண்டு மூணு வெள்ளி (ரிங்கிட்).

கேள்வி (5ஆம் ஆண்டு மாணவி): சார், படைக்கிறப்ப மறந்துட்டா பயமா இருக்கு.

பதில்: மனப்பாடம் பண்றதாலதான்மா மறக்குது. மாஜோங் பேப்பர்ல (பெரிய வெள்ளத்தாள்) பெருசா ஒரு வரைபடம் மட்டும் போட்டு, அத விரல் வச்சி காட்டி பேசு, அது உனக்கு ஞாபகப்படுத்தும். குறிப்பேட்டையும் கையிலயே வச்சிக்கோ, அழுக்கா கிறுக்கலா இருந்தா இன்னும் நல்லது, நீயே செஞ்சதுன்னு பாத்தாலே தெரியும். தெரியாதத கேட்டா "அத நான் அளக்கல சார்"னு சொல்லு, மார்க் போயிடாது.

கேள்வி (பெயர் வேணாம்): சாட்ஜிபிடிய வச்சி ரிப்போர்ட் எழுதிட்டா என்ன?

பதில்: எழுத்துப்பிழை பாக்க வச்சிக்கோங்க. அட்டவணையில இருக்குற எண்ண அது குடுத்தா நீங்க ஆய்வே செய்யல. நீதிபதிங்க "மூணாவது நாள் ஏன் கம்மி?"ன்னு ஒரு கேள்வி கேட்டா புள்ள அம்மா மூஞ்ச பாக்கும், அங்கயே தெரிஞ்சிடும்.

கேள்வி (டீச்சர், நிபோங் திபால்): பள்ளியில கருவி ஒண்ணுமே இல்ல சார்.

பதில்: போன் இருக்குல்ல? பைபாக்ஸ் (phyphox)னு ஒரு ஆப், ஜெர்மனி ஆகென் பல்கலைக்கழகத்துக்காரங்க செஞ்சது, இலவசம். போன்ல இருக்குற சென்சர வச்சே சத்தம், அசைவு எல்லாம் அளக்கும், வெளிச்சம் மட்டும் சில போன்ல வராது. வர்ற எண் அச்சு அசல் சரியா இருக்கும்னு சொல்ல முடியாது, அதனால ஒரே போனயே கடைசி வர பயன்படுத்துங்க, பாதியில வேற போனுக்கு மாத்திடாதீங்க.